சுவர் சுமக்கட்டும், உள்ளே கம்பி இருக்கட்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. காப்பி குடித்துக்கொண்டே படியுங்கள். ஏற்காட்டிலும் சுற்றியுள்ள மலை ஊர்களிலும் கடையோ குடோனோ கட்டும் யோசனையில் இருப்பவர்கள் கட்டாயம் கடைசிவரை படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்துச் சிறு காப்பி விவசாயிகள் ஒரு கூட்டம் போட்டார்கள். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு குடோன் கட்டப்போகிறார்கள். 60 அடி நீளம், 25 அடி அகலம், சுவர் உயரம் 14 அடி. உள்ளே காப்பி மூட்டையும் மிளகு மூட்டையும். ரோட்டைப் பார்த்த 25 அடிப் பக்கத்தில் ஷட்டர் போட்ட இரண்டு கடைகள், வாடகைக்கு. தென்மேற்குப் பருவ மழை இறங்குவதற்குள் கூரை ஏற வேண்டும். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்த பிள்ளைகள். அதனால் என்னையும் கூப்பிட்டு ஒரு நாற்காலி போட்டார்கள்.

பேச்சு மூன்று கட்சியாகப் பிரிந்தது.

முதல் கட்சி: "பில்லர் போட்டாத்தான் டீச்சர் அது கட்டடம். நாளைக்கே மேல ஒரு மாடி எடுக்கலாம்."

இரண்டாவது கட்சி: "கம்பிக்கு எதுக்குக் காசு? ஹாலோ பிளாக்கை ஏத்தி மேல ஷீட்டைப் போடுங்க. சரக்கு வைக்கத்தானே, குடியிருக்கவா போறோம்?"

மூன்றாவது கட்சியில் ஒரே ஒரு ஆள். மேஸ்திரி. எங்கள் பள்ளியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து படித்தவன். "சுவத்தையே சுமக்க விடலாம். பிளாக் ஓட்டையில கம்பி விட்டு கான்கிரீட் நிரப்பணும். பேஸ்மட்டத்துல, லிண்டல்ல, உச்சியில மூணு பெல்ட் ஓடணும்" என்றான். யாரும் காது கொடுக்கவில்லை. டீ வந்ததும் கூட்டம் கலைந்துவிட்டது.

என் ஓட்டு அந்த மேஸ்திரிக்குத்தான். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் என்ஜினியர் இல்லை. ஆசிரியர் பயிற்சி பட்டயம் முடித்து, முப்பது வருடத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். ஆனால் என் அப்பா எஸ்டேட்டில் கொத்தனார். தூக்குக்குண்டும் ரசமட்டமும்தான் எங்கள் வீட்டு விளையாட்டுச் சாமான். அவர் கட்டியதெல்லாம் இந்தச் சேர்வராயன் மலையின் கருநீலக் கல்லில், இரண்டடிக் கனத்தில். அந்தச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. ஏன் நிற்கின்றன? கனம். வெறும் கனம். கம்பி இல்லாத சுவருக்கு வேறு வழி கிடையாது. அமெரிக்காவில் சிகாகோ நகரில் 1891-இல் மொனாட்நாக் என்று 16 மாடிக் கட்டடம் ஒன்றைச் செங்கல் சுவரின் மேலேயே நிறுத்தினார்கள். தரைமட்டத்தில் அந்தச் சுவரின் கனம் ஆறடி! கடை போடுகிற இடத்தைச் சுவரே தின்றுவிட்டது.

இன்று நாம் கட்டப்போவது எட்டு அங்குலச் சுவர். அப்பா காலத்துக் கனம் அதற்கு இல்லை. அந்தக் கனத்துக்குப் பதிலாகத்தான் கம்பி.

வகுப்பில் இதை ஒரு சாக்பீஸை வைத்துச் சொல்லிவிடுவேன். சாக்பீஸை மேசைமேல் நிறுத்தி விரலால் மேலிருந்து அழுத்துங்கள், உடையாது. அதே சாக்பீஸை இரண்டு முனையிலும் பிடித்து வளையுங்கள், டக்கென்று முறியும். செங்கல், கல், ஹாலோ பிளாக் எல்லாமே சாக்பீஸ் ஜாதிதான். மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் தாங்காது. காற்று தள்ளுவது பக்கவாட்டில். நிலம் அதிர்ந்தால் வருவதும் பக்கவாட்டில். மூட்டை சரிந்து சாய்ந்தாலும் பக்கவாட்டில்தான். தள்ளும்போது சுவரின் ஒரு முகம் நசுங்கும், மறுமுகம் இழுபடும். அந்த இழுவையைப் பிடித்துக்கொள்வதுதான் கம்பியின் வேலை.

இது நேற்றுக் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் சுரங்கப்பாதை போட்ட மார்க் பிரூனெல், 1825-இல் முதலில் 50 அடி விட்டத்தில் ஒரு செங்கல் கிணற்றுச் சுவரைத் தரைக்கு மேலேயே கட்டினார். சுவருக்குள் இரும்புக் கம்பிகளைச் செங்குத்தாக விட்டார். பிறகு உள்ளே மண்ணைத் தோண்டத் தோண்ட, அந்த முழுச் சுவரும் தன் எடையிலேயே பூமிக்குள் இறங்கியது. நம் நாட்டிலும் பிரெப்னர் என்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் கம்பி கொடுத்த செங்கல் வேலையைச் சோதித்துப் பார்த்து, 1923-இல் இந்திய அரசின் தொழில்நுட்ப ஏடாகவே வெளியிட்டார். நூறு வருடம் தாண்டிவிட்டது.

இன்னொரு கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. இன்று பாகிஸ்தானில் இருக்கும் பலூசிஸ்தான் பகுதியில் 1931-இல் ஒரு நிலநடுக்கம் வந்தது. அதற்குப் பிறகு எஸ். எல். குமார் என்ற இளம் ரயில்வே பொறியாளர், இரும்புத் தண்டவாளங்களைப் பயன்படுத்திச் சுவரை இறுக்கி, குவெட்டாவில் ரயில்வே குடியிருப்புகள் கட்டினார். 1935 மே 31-ஆம் தேதி விடியற்காலை குவெட்டாவே தரைமட்டமானது. 30,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். குமார் கட்டிய குடியிருப்புகள் நின்றன. அதற்குப் பிறகு அந்த ஊரைக் கட்டியபோதுதான், செங்கல் வரிசைக்குள்ளேயே குழி விட்டு, அதில் கம்பி நிறுத்திக் கலவை நிரப்பும் முறை பரவியது. இன்றும் உலகம் முழுக்கப் பொறியாளர்கள் அதை 'குவெட்டா கட்டு' என்றுதான் சொல்கிறார்கள். நம் மேஸ்திரி சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். குழி ஏற்கெனவே பிளாக்கிலேயே இருக்கிறது, அவ்வளவுதான்.

"நம்ம ஊர்ல எங்க டீச்சர் நிலநடுக்கம்?" என்று கேட்பீர்கள். 1900 பிப்ரவரி 8-ஆம் தேதி கோயம்புத்தூர்ப் பக்கம் ஏறக்குறைய 6 ரிக்டர் அளவில் ஒரு நிலநடுக்கம் வந்திருக்கிறது. அதிகம் தூரமில்லை. நிலநடுக்கத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1893, அதன் 2016-ஆம் வருடப் பதிப்பில், சேலத்தை மூன்றாம் மண்டலத்தில் வைத்திருக்கிறது. பயப்படச் சொல்லவில்லை. கணக்கில் எடுக்கச் சொல்கிறேன்.

2001 ஜனவரி 26 எனக்கு மறக்காது. நாங்கள் இங்கே கொடியேற்றி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்த அதே காலை நேரத்தில், 8.46 மணிக்கு, குஜராத்தில் பூமி ஆடியது. அஞ்சார் என்ற ஊரில் குடியரசு தின ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் ஒடுங்கிய தெருவில் இருந்தார்கள். இரண்டு பக்கமும் கட்டடங்கள் சரிந்தன. சாயங்காலம் டி.வி.யில் பார்த்துவிட்டு, என் வகுப்புப் பிள்ளைகளின் முகம்தான் ராத்திரி முழுக்கக் கண்ணில் நின்றது.

அந்த நிலநடுக்கத்தில் என்ன விழுந்தது என்று பிறகு தேடித் தேடிப் படித்தேன். கட்சில் விழுந்தவை பெரும்பாலும் கம்பியும் பெல்ட்டும் இல்லாத கல் சுவர்கள். நம் இரண்டாவது கட்சிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் விழுந்தவை பில்லர் போட்ட அடுக்குமாடிகள்! வண்டி நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தில் சுவரே இல்லாமல் பில்லரில் மட்டும் நின்ற கட்டடங்கள் அவற்றில் பல. முதல் கட்சிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பில்லர் என்ற பெயர் மட்டும் ஒரு கட்டடத்தைக் காப்பாற்றாது.

பில்லரை நான் குறை சொல்லவில்லை. நாலு மாடி ஹோட்டலுக்கு அதுதான் சரி. ஆனால் நம் ஊரில் சின்னக் கட்டடத்துக்கு எப்படிப் போடுகிறார்கள்? ஒன்பது அங்குலத்துக்கு ஒன்பது அங்குலம் பில்லர். நடுவில் அடைப்புச் சுவர், பில்லரோடு ஒட்டுறவே இல்லாமல். ஒரே வருடத்தில் பில்லருக்கும் சுவருக்கும் நடுவில் கோடு விழுகிறது. மழைத் தண்ணீர் அதில் இறங்குகிறது. குடோனுக்கு எப்படியும் நாலு பக்கமும் சுவர் வேண்டும். அந்தச் சுவரைச் சும்மா நிற்க வைத்துவிட்டு, பாரம் தூக்க வேறு ஆளை வைப்பது ஏன்? வீட்டில் நாலு பிள்ளைகள் இருக்கும்போது மூட்டை தூக்கக் கூலிக்கு ஆள் பிடிக்கிற மாதிரி.

செலவு விஷயமும் உண்டு. மேலே வருகிற ஒவ்வொரு லோடும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும். பில்லர் வேலை என்றால் பலகை, சென்ட்ரிங் சாமான், அதற்கான ஆட்கள் எல்லாம் கூடவே ஏறும். பிளாக் சுவருக்கு அந்தப் பலகை வேலை குறைவு, பிளாக்கேதான் அச்சு. கட்டுவதும் நம் ஊர்க் கொத்தனார்கள்தான். கூலி மலையிலேயே தங்கும்.

"மாடி எடுக்க முடியாதே" என்கிறீர்கள். முதலிலேயே கணக்குப் போட்டால் ஒரு மாடி எடுக்கலாம். குஜராத்தில் நிலநடுக்கத்துக்குப் பிறகு நம் ஆரோவில்லின் மண் கட்டடக் கலை நிறுவனம் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஓட்டைக் கட்டிகளை அறிமுகம் செய்தது. ஓட்டையில் கம்பி விட்டு நிரப்பும் அதே முறை. ஐ.ஐ.டி. காந்திநகரில் மாணவர் விடுதிகளையே இதற்கு நெருங்கிய இன்னொரு முறையில் கட்டியிருக்கிறார்கள். அங்கே முதலில் சுவர் எழும்பும், பிறகு மூலைகளில் கான்கிரீட் ஊற்றிச் சுவரை அணைத்துப் பிடிப்பார்கள். பாரம் சுமப்பது சுவர்தான்.

தொழிற்கூடத்துக்குச் சரிப்படுமா என்றால், தென் அமெரிக்காவில் உருகுவே என்ற சின்ன நாட்டைப் பாருங்கள். எலாடியோ டியஸ்டே என்ற பொறியாளர் வாழ்நாள் முழுக்கக் கம்பி கொடுத்த செங்கல்லிலேயே கிடங்கும், தொழிற்சாலையும், பஸ் நிலையமும் கட்டினார். மான்டிவிடியோ துறைமுகத்தில் ஒரு பழைய கிடங்கு எரிந்துபோனது. அதன் சுவர்களை இடிக்காமல், மேலே செங்கல்லிலேயே வளைவுக் கூரை போட்டார். நடுவில் ஒரு தூண் இல்லாமல் ஏறக்குறைய 50 மீட்டர் அகலம். அவர் கட்டிய ஒரு தேவாலயத்தை 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நமக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். 25 அடி போதும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த முறை நல்லது என்று சொல்வது சுலபம். ஒழுங்காகச் செய்யாவிட்டால் இதைவிட மோசமானதும் இல்லை.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஹாலோ பிளாக்கில் ஒரு சுற்றுச்சுவர் கட்டினார்கள். எஸ்டிமேட்டில் கம்பியும் இருந்தது, நிரப்பும் கான்கிரீட்டும் இருந்தது. ஒரு ஐப்பசி மழையில் ஞாயிறு ராத்திரி சுவர் விழுந்தது. திங்கள் காலை நான்தான் முதலில் போனேன். உடைந்த பிளாக்குகளைப் பார்த்தால் உள்ளே காலி. மூலையில் மட்டும் ஒரு கம்பி, அதைச் சுற்றி மேல் வரிசையில் மட்டும் கான்கிரீட், அதற்குக் கீழே சிமெண்ட் பையைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். இன்டர்வெல்லில் பிள்ளைகள் வரிசையாக முதுகு சாய்த்து உட்காரும் சுவர் அது. பதினாலு மணி நேரம் தள்ளி விழுந்திருந்தால்? இன்றைக்கும் நினைத்தால் வயிறு கலங்குகிறது.

இந்தச் சுவரில் செய்த தப்பு வெளியே தெரியாது. பூசிவிட்டால் முடிந்தது. அதனால் குடோன் கட்டுகிறவர்களுக்கு இந்த டீச்சரின் வீட்டுப்பாடம்:

ஒன்று. வரைபடமும் கம்பிக் கணக்கும் தகுதியான ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் போட்டதாக இருக்கட்டும். 60 அடிச் சுவர் ஒரே நீட்டாக நிற்கக் கூடாது. குறுக்குச் சுவரோ, சுவரோடு சேர்ந்த கனமான தூணோ எங்கெங்கே வரவேண்டும் என்று அவர் சொல்லட்டும்.

இரண்டு. பிளாக். ஐ.எஸ். 2185 விதி, பாரம் சுமக்கும் ஹாலோ பிளாக்குக்கு வலிமை அளவு சொல்கிறது. 14 நாள் நனைத்து, பிறகு நாலு வாரம் உலர்ந்த பிளாக்கைத்தான் சுவரில் வைக்க வேண்டும். நேற்று அச்சில் எடுத்து இன்று லாரியில் ஏற்றுகிற பிளாக் பின்னால் சுருங்கும், சுவர் வெடிக்கும். இரண்டு பிளாக்கைச் சோதனைக்கு அனுப்ப ஆகும் செலவு, ஒரு மூட்டை மிளகில் ஓரமாய்ச் சிந்துகிற காசு.

மூன்று. கம்பி அஸ்திவாரத்திலிருந்தே கிளம்ப வேண்டும். மூலைகள், சுவர் சேரும் இடங்கள், கதவு, ஜன்னல், ஷட்டர் இவற்றின் இரண்டு பக்கமும், நடுவில் என்ஜினியர் சொல்லும் இடைவெளியிலும். கம்பி மேல் கம்பி சேர்த்தால் அதன் கனத்தைப்போல் 50 மடங்கு நீளம் ஒட்டிப் போக வேண்டும். 12 எம்.எம். கம்பிக்கு இரண்டடி.

நான்கு. ஓட்டையை நிரப்புவது. சின்ன ஜல்லி போட்டு, தளர்ந்து ஓடுகிற பதத்தில் கான்கிரீட். நாலடிக்கு ஒரு தடவை நிரப்பிக் குத்திவிட வேண்டும். கம்பி நிற்கும் ஒவ்வொரு ஓட்டைக்கும் அடி வரிசையில் ஒரு சின்ன வாய் விடுங்கள். உதிர்ந்த கலவையை அதன் வழியாக வாரி எடுத்து, கம்பி தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடைக்க வேண்டும். கான்கிரீட் ஊற்றிய பிறகு கம்பியைச் சொருகுகிற வேலையே கூடாது.

ஐந்து. ஷட்டர். முன்பக்கத்தை முழுசாகத் திறந்துவிட்டால் அகமதாபாத் கதைதான். ஐ.எஸ். 4326 விதியின் சாரம், ஒரு தளக் கட்டடத்தில் திறப்புகள் சுவர் நீளத்தில் ஏறக்குறைய பாதிக்குள் அடங்க வேண்டும் என்பது. உங்கள் 25 அடியில் ஆறடி ஷட்டர் இரண்டு வைத்தால் 12 அடி. மிச்சம் 13 அடி. மூலைக்கு நாலடி நாலடி, நடுவில் ஐந்தடி சுவர். கடையும் கிடைக்கும், சுவரும் கிடைக்கும். பத்தடி ஷட்டர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள்.

ஆறு. கூரை. ஷீட் கூரையைக் காற்று கீழிருந்து குடை மாதிரித் தூக்கும். உச்சி பெல்ட்டில் போல்ட் பதித்து டிரஸ்ஸைப் பிணையுங்கள். அப்போது கூரை, பெல்ட், கம்பி, அஸ்திவாரம் எல்லாம் ஒரே சங்கிலி.

ஏழு. மலையை வெட்டிய பக்கம். குடோனின் பின்சுவரையே மண்ணுக்கு அணையாக வைக்காதீர்கள். மண்ணைத் தாங்க, தண்ணீர் வடியத் துளை விட்ட தனிச் சுவர் கட்டுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஆள் நடக்க இடமும் ஒரு வடிகாலும் விடுங்கள். நம் மலையில் மழைக்கு மண் எப்படி இறங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எட்டு. கரண்ட் வேலை. சுமக்கிற சுவரில் குறுக்கே காடி வெட்ட விடவே விடாதீர்கள். கான்கிரீட் நிரப்பாத ஓட்டை வழியாகப் பைப்பை முன்னாலேயே இறக்கிவிடலாம். எங்கே எது என்று எலக்ட்ரீசியனையும் முதல் நாளே உட்கார வைத்துப் பேசுங்கள்.

ஒன்பது. ஈரம். பனியும் மழையும் உள்ள ஊர். தண்ணீர் உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும். வெளிப்பூச்சு நன்றாக இருக்கட்டும், கூரை சுவரைத் தாண்டி இரண்டடியாவது நீளட்டும். மூட்டையைச் சுவரில் சாய்க்காதீர்கள். கட்டை போட்டு, சுவரைவிட்டு இரண்டடி தள்ளி அடுக்குங்கள். சரக்குக்கும் காற்று வரும், சுவருக்கும் பாரம் இல்லை.

இந்த முறைக்குக் குறையே இல்லையா? உண்டு. சுமக்கிற சுவரைப் பின்னால் நினைத்தபடி இடிக்க முடியாது. இரண்டு கடையை ஒரு ஹாலாக்கலாம் என்று பத்து வருடம் கழித்துத் தோன்றினால் முடியாது. அடுத்த தலைமுறைக்கு இதைச் சொல்லி வைக்க வேண்டும். வரைபடத்தைச் சட்டம் போட்டுக் குடோனுக்குள்ளேயே மாட்டுங்கள். எந்தச் சுவரைத் தொடக் கூடாது என்று அதில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. கண்காணிப்புக்கு ஆள் வேண்டும். முதலாளி ஒருவர் இருந்தால் அவர் நிற்பார். பதினைந்து பேர் சொத்துக்கு யார் நிற்பது? எல்லோர் மாடும் யாருடைய மாடும் இல்லை என்று ஆகிவிடும். அதனால் முறை போட்டுக்கொள்ளுங்கள். கான்கிரீட் நிரப்பும் நாளில் ஒருவர் போனோடு நிற்கட்டும். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு நம்பர், நிரப்பும் முன் ஒரு போட்டோ, நிரப்பிய பின் ஒரு போட்டோ. அன்றைக்கே குரூப்பில் போடுங்கள். மேஸ்திரி இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டான். நல்ல வேலைக்காரனுக்குத் தன் வேலையை ஒருவர் பார்ப்பது பிடிக்கும். என் அப்பா அப்படித்தான். எஸ்டேட் துரை வரும்போது எல்லோரும் கலவையைக் கிளறுவார்கள், அவர் மட்டும் ஒரு கல்லைப் பெயர்த்து உள்ளே எப்படி இருக்கிறது என்று காட்டுவார்.

வருகிற ஞாயிறு மறுபடி கூட்டம். அந்த மேஸ்திரி முதலில் பேசட்டும், மற்றவர்கள் முழுசாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தால் உங்கள் இஷ்டம். காலி ஓட்டையை மட்டும் பூசி மூடாதீர்கள். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் உங்கள் பிள்ளைகள்தான் மிளகு காய வைப்பார்கள்.

நானும் வருவேன். நாற்காலி வேண்டாம், வாணம் தோண்டும் இடத்தைக் காட்டினால் போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்